தலைக்குள் சொடக்கு விழுந்த பிள்ளை

காவிரிப் பாலத்தைத் தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில், ஆற்றங்கரையிலேயே இருக்கும் நாவல்பாளையத்தில் மூவாயிரம் விசைத்தறிகள் இராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தன, அந்தச் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தத்தில் தாலி கட்டி, அந்தச் சத்தத்திலேயே கண்ணை மூடியவர்களுக்கு உலகம் என்றால் இரைந்துகொண்டே இருப்பது என்பதில் சந்தேகம் வந்ததே இல்லை, அப்படியிருக்க ஓர் ஆவணி மாத வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போய், தறிகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருமூச்சு விட்டு நின்றபோது, தறிக்காரி துளசிமணியின் ஐம்பது நாள் பெண்குழந்தையின் தலைக்குள்ளிருந்து சொடக்கென்று ஒரு சத்தம் வந்தது, அதைத் தறிக்குடோனில் இருந்த ஒன்பது பேரும் கேட்டார்கள்.

விரலை மடக்கிச் சொடக்குப் போட்டால் வருமே, அதே சத்தம்தான். குழந்தை வர்ஷிணி, இரண்டாம் தறிக்கும் மூன்றாம் தறிக்கும் நடுவே பழைய சேலையில் கட்டிய தூரித் தொட்டிலில் கிடந்தாள். துளசிமணி குனிந்து பார்த்தாள். அதுவரை எங்கெங்கோ அலைந்துகொண்டிருந்த குழந்தையின் கண்கள் நேராக அம்மா முகத்துக்கு வந்து நின்றன, பிறகு வாய் கோணியது, பிறகு அந்தக் கோணல் சிரிப்பானது. அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு.

"ஏனம்மிணி, பிள்ளை தலைக்குள்ள சொடக்கு விழுந்துச்சா?" என்றார் பக்கத்துத் தறிக்காரர் மாரப்பன்.

"ஆமாங்கண்ணா. விழுந்ததும் சிரிக்கறா பாருங்."

"அப்பச் சிரிக்கறதுக்கான சொடக்கு அது," என்று சொல்லிவிட்டு மாரப்பன் வேட்டியை உதறிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். கரண்ட் வருவதற்குள் இன்னொன்று விழுந்தது. விழுந்ததும் குழந்தை ஓட்டுச் சந்து வழியாக இறங்கிய வெயில் கீற்றைப் பார்க்கத் தலையைத் திருப்பியது. சிரிப்புக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று சாயங்காலத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஒருவரும் திகைக்கவில்லை. பிள்ளை வளர்வதென்றால் உள்ளே ஏதோ நடக்கத்தானே வேண்டும், நடப்பது இந்தப் பிள்ளைக்கு வெளியே கேட்கிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கரண்ட் போகும்போதெல்லாம் சனம் துளசிமணி வேலை செய்யும் சென்னியப்பனின் தறிக்குடோனுக்கு வரத் தொடங்கியது. சலூன்காரர் பாதிச் சவரத்தில் ஆளை உட்கார வைத்துவிட்டு வந்தார், பாதிச் சவரத்தில் இருந்தவரும் துண்டைக் கழற்றாமல் பின்னாலேயே வந்தார், பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பெண்கள் ஜன்னல் கம்பியில் தொற்றிக்கொண்டு நின்றார்கள், எல்லோரும் தூரியைச் சுற்றிக் கூடி அடுத்த சொடக்குக்காகக் காதைக் கொடுத்தார்கள். கழுத்து நிற்பதற்கு விழுந்த சொடக்கு கனமாக, தேங்காய் ஓட்டைத் தட்டினாற்போல இருந்தது. கையைத் தன்னுடைய கை என்று அவள் கண்டுகொண்டதற்கு விழுந்தது மெல்லிசாக, ஈர்க்குச்சி ஒடிந்த மாதிரி இருந்தது. புதன்கிழமை தோறும் தடுப்பூசி போட வரும் நர்ஸ் ஜெபமணி, குழந்தைகள் வளர்ச்சி அட்டையில் கட்டங்களை நிரப்பும்போது தேதிக்குப் பக்கத்தில் சொடக்கு நேரத்தையும் எழுதிக்கொண்டாள்.

"வேலை ரொம்ப லேசாப் போச்சு துளசி. மத்த வீட்ல, எப்பக் குப்புற விழுந்தான்னு கேட்டா மாமியார் ஒரு தேதி சொல்லுது, மருமக ஒரு தேதி சொல்லுது. இங்க ஊரே சாட்சி."

விசைத்தறி உரிமையாளர் சங்கத்துக்குச் சென்னியப்பன்தான் தலைவர். பானையளவு தொப்பையும் காதளவு மீசையும் வைத்திருந்த அவருக்குக் குழந்தைகள் என்றால் உயிர், குழந்தைகளுக்கு அவர் மீசை என்றால் பயம். கரண்ட்டை நம்பிப் பிள்ளையின் சொடக்குக்குக் காத்திருப்பது ஊருக்கு அழகல்ல என்று ஐப்பசியில் அவர் சங்கத்தைக் கூட்டினார்.

"பிள்ளை வளர்ற சத்தத்தைக் காதால கேக்கற பாக்கியம் எந்த ஊருக்குங்க இருக்குது? தினம் மத்தியானம் ஒரு மணியிலருந்து ரெண்டு மணி வரைக்கும் தறியை நிறுத்திப் போடலாம். என்னங்க சொல்றீங்க?"

யாரும் மறுக்கவில்லை. ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் சொன்னார்கள். மறுநாள் ஒரு மணிக்கு மூவாயிரம் தறிகளும் நின்றன.

அந்த ஒரு மணி நேரம் ஊரை என்ன பாடுபடுத்தியது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கரண்ட் போன நேரமெல்லாம் புலம்பலிலும் பிறகு சொடக்கிலும் போயிருந்ததால், காவிரி ஓடும்போது சத்தம் போடும் என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. தன் செருப்பின் சத்தத்தைக் கேட்டு ஒருவர் யாரோ பின்தொடர்கிறார்கள் என்று ஓடினார். டீக்கடை சுந்தராம்பாளும் அவள் வீட்டுக்காரரும் இருபது வருஷமாக ஒருவரை ஒருவர் கத்தித்தான் கூப்பிட்டிருந்தார்கள், அன்று கத்த வேண்டிய தேவை இல்லாமல் அவர் "சுந்தரா, கொஞ்சம் தண்ணி" என்று சொன்னதும் அவள் திரும்பிப் பார்த்து, இது யார் குரல் என்று கேட்டாள், அன்று சாயங்காலம் வரை கடையில் டீ கொஞ்சம் அதிக இனிப்பாக இருந்தது. எட்டுத் தெருவிலும் எட்டு வீட்டுச் சண்டைகள் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிட, அடுத்த நாளிலிருந்து சண்டைகளைக் குசுகுசுவென்று போடப் பழகினார்கள். குசுகுசுவென்று போட்ட சண்டைகள் சீக்கிரமே சலித்துப் போய் நின்றுவிட்டன.

காது பழகியதும் மற்றதும் கேட்டது. தொழுவத்தில் அன்றைக்குப் பிறந்த கன்றுக்குட்டியின் தலைக்குள் சொடக்குகள் தகரத்தில் மழை விழுகிற மாதிரி விழ, மழை ஓய்வதற்குள் அது நாலு காலில் எழுந்து நின்றது. நூல் மூட்டைக்குப் பின்னால் எலிக்குஞ்சுகளின் தலைகளில் கடுகு வெடித்தது. ஊரின் மற்ற பிள்ளைகளுக்கும் விழுந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் அவர்கள் ஒரு இடத்தில் நின்றால்தானே கேட்பதற்கு.

அரசு மேல்நிலைப்பள்ளியில் உயிரியல் எடுக்கும் மதிவதனி டீச்சர் ஒருநாள் அந்த ஒரு மணி நேரத்தில் வந்தாள். சனம் அவளிடம் விளக்கம் கேட்டது. குடோனின் கோடியில் பூப்போட்ட பெட்ஷீட் நெய்யும் ஜக்கார்டு தறி ஒன்று நின்றது, அதன் தலைக்கு மேல் ஓட்டை போட்ட அட்டைகள் சங்கிலியாகத் தொங்கின, கீழே நீளவாக்கு இழைகளான பாவு விரிந்திருந்தது. அவள் அதைக் காட்டினாள்.

"இதுல எந்த இழை மேல தூக்கணும், எந்த இழை கீழ படுக்கணும்னு யாருங்க சொல்றது?"

"அட்டைதானுங்," என்றார்கள் எல்லோரும்.

"அதேதான். நம்ம உடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மரபணுன்னு ஒரே பாவுதான் இருக்கு. மூளைக்கும் அதே பாவு, கால் நகத்துக்கும் அதே பாவு. எது எப்ப தூக்கணும், எது எப்ப படுக்கணும்கறதுதான் வித்தியாசம். ஒரு இழை தூக்கறப்ப ஒரு சொடக்கு, படுக்கறப்ப ஒரு சொடக்கு. பூ அப்படித்தான் விழுது."

தறிக்காரர்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொன்னதில்லை. மாரப்பன் தொடையைத் தட்டினார்.

"எலிக்குப் பொறந்து சில வாரத்துல இந்த வேலை பெரும்பாலும் முடிஞ்சுபோகும். கன்னுக்குட்டி பாதி வேலையை வயித்துக்குள்ளயே முடிச்சுட்டு வந்துருது. மனுசப் பிள்ளைக்குத்தான் பொறந்த பிறகு இருபது, இருபத்தஞ்சு வருஷம் ஓடும்," என்று டீச்சர் தொடர்ந்தாள்.

சென்னியப்பன் பக்கத்தில் நின்ற தன் மருமகனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இவருக்கு இன்னும் ரெண்டு வருஷம் மிச்சமிருக்குதுங்களா டீச்சர்?"

சிரிப்பு அடங்கியதும் மாரப்பன் கேட்டார். "அதுசரிங் டீச்சர். அட்டையில ஓட்டை யாரு போடறது?"

"நல்ல கேள்வி. கொஞ்சம் ஓட்டை பொறக்கறப்பவே இருக்கும். மீதி, பொறந்த பிறகு..."

அதற்குள் தூரிப் பக்கம் நின்ற நாலைந்து பேர் உதட்டில் விரலை வைத்து "ஸ்ஸ்ஸ்" என்றார்கள், குழந்தை புருவத்தைச் சுருக்கியது, அடுத்தது விழப் போகிறது என்று எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். டீச்சர் சிறிது நேரம் நின்று பார்த்தாள். பிறகு வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று பாதி வாக்கியத்தோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

மார்கழியில் தொடங்கியது வினை. ஒரு நாள் ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு சொடக்குத்தான் விழுந்தது, அதுவும் யாருடையதோ கொலுசுச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. அந்தத் தெருவில் கொலுசு வேண்டாம் என்று பேசி முடித்தார்கள். பிறகு கண்ணாடி வளையல் வேண்டாம் என்றார்கள், பிறகு சேவலை வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள், பிறகு கோயில் மணியின் நாக்கில் துணி சுற்றினார்கள், பூசாரியே முன்வந்து அதைச் சுற்றினார். துளசிமணியைத் தறி வேலையிலிருந்து நிறுத்தி, குழந்தையோடு குடோனை ஒட்டிய அவளுடைய வீட்டிலேயே இருக்கச் சொல்லி, இரண்டு வேளையும் சோறு ஊராரே கொண்டுவந்து கொடுத்தார்கள். குழந்தையைத் தூக்கினால் சேலை சரசரக்கிறது, ஆகையால் பாய்மேல் பஞ்சு மெத்தை போட்டுக் கிடத்தச் சொன்னார்கள். தாலாட்டு வேண்டாம் என்றார்கள். கொஞ்சுவதென்றால் மனசுக்குள் கொஞ்சிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்றால் பழக்கம் வராது, நாள் முழுக்க இப்படியே இருக்கட்டும் என்றார்கள்.

ஒவ்வொன்றும் அன்பில் செய்ததுதான். பாவு வண்டி ஓட்டும் அவள் புருஷன் ஈஸ்வரமூர்த்தி காலில் துணி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தான். அவனுக்குத் தும்மல் வந்தால் தெருக்கோடி வரை ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தான்.

"ஏனுங்க, பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசுனா என்னங்க ஆகும்?" என்று துளசிமணி அவன் காதில் கேட்டாள்.

"ஊரே பிள்ளைக்காகத் தறியை நிறுத்துது துளசி. நாம பேசிக் கெடுத்தா நல்லாவா இருக்கும்?"

தை மாதத்தில் நாளுக்கு மூன்று விழுந்தது. மாசியில் ஒன்று. பங்குனி பிறந்தபோது ஒன்றுமில்லை. எட்டரை மாதக் குழந்தை மெத்தையில் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது, முன்பெல்லாம் முகம் தெரிந்தால் சிரிக்கும், இப்போது முகம் தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டது. ஜெபமணி வந்து முதுகுக்குப் பின்னால் கிலுகிலுப்பையை மெதுவாக ஆட்டிப் பார்த்தாள். திரும்பவில்லை. உட்கார வைத்துப் பார்த்தாள். துணி மாதிரி சரிந்தது. அவள் அட்டையைத் துளசிமணியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நாலு கட்டம் காலியா இருக்கு துளசி. எனக்கு இது பிடிக்கல. சில வேலையெல்லாம் அந்தந்த வயசுலயே நடக்கோணும். விட்டா, பின்னால ரொம்பப் போராடணும். வர்ற வாரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்."

ஊருக்கு இது தெரிந்ததும் ஊர் கலங்கிப் போயிற்று, கலங்கிய ஊர் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை இன்னும் அதிகமாகச் செய்தது. தினமும் ஒரு மணி நேரம் போதாது, மூன்று நாள் முழுக்கத் தறி ஓடக்கூடாது என்று சென்னியப்பன் சொல்ல, மூவாயிரம் தறிகளும் மூன்று நாளும் நின்றன, பாலத்தைத் தாண்டி வரும் பஸ்கள் ஹாரன் அடிக்காமல் ஊர்ந்தன, பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் உதட்டை மட்டும் அசைத்துப் படித்தார்கள். வேலையில்லாத தறிக்காரர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வாசல்களில் உட்கார்ந்து, ஒரு சொடக்குக்காக, ஒரே ஒரு சொடக்குக்காக, மூன்று நாளும் காத்திருந்தார்கள். காவிரியின் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். துளசிமணி மெத்தைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் பழைய தார்க்கூடை ஒன்று கிடந்தது, நூல் சுற்றிய கட்டைகளை எடுத்துப்போகும் கூடை. அதில் தறிக்குடோன் பூனை மூன்று வாரத்துக்கு முன் நாலு குட்டி போட்டிருந்தது. கூடையை எடுத்துப்போனால் பூனை கத்தும் என்பதால் ஊரார் அதை அப்படியே விட்டிருந்தார்கள்.

பூனை ஒரு குட்டியை முன்காலால் அமுக்கிப் பிடித்து நக்கியது. சொடக். திரும்ப நக்கியது. சொடக். குட்டி தப்பித்துப் போய் இன்னொன்றின்மேல் விழுந்தது, இரண்டும் உருண்டன, சொடக் சொடக். ஒன்று கூடையிலிருந்து தகர டப்பாவின்மேல் கவிழ்ந்து டப்பா உருண்டோடியது, அந்தச் சத்தத்தில் மூன்று குட்டிகளின் தலைக்குள்ளும் பொரி பொரிந்தது. துளசிமணி முதுகை நிமிர்த்தினாள்.

நாலாவது குட்டி எங்கே என்று பூனையும் தேடியது, அவளும் தேடினாள். அது நூல் மூட்டைக்குப் பின்னால் தனியாக விழுந்து கிடந்தது, எத்தனை நேரமாகவோ. அதன் தலைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. பூனை அதைப் பிடரியில் கவ்வி இழுத்து வந்து கூடையில் போட்டு, கோபம் வந்த மாதிரி வயிற்றிலும் முதுகிலும் முகத்திலும் முரட்டுத்தனமாக நக்கியது, குட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டது. வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு சொடக்கு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

துளசிமணி எழுந்தாள். அலமாரியைப் படாரென்று திறந்து கண்ணாடி வளையல்களை எடுத்து இரண்டு கையிலும் நிறையப் போட்டுக்கொண்டாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து குழந்தையைத் தூக்கி மடியில் குப்புறப் போட்டு, முதுகிலும் உள்ளங்காலிலும் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்க மூன்று மாதமாகத் தொண்டையில் நின்றிருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"என்ற கண்ணு, என்ற தங்கம், உங்கொப்பன் தும்மறதுக்குத் தெருக்கோடி போறான் பாரு, உங்கொம்மா வாயில பூட்டுப் போட்டுட்டு உக்காந்திருந்தா பாரு, பேசறேன்டி, இனி ஓயாமப் பேசறேன், காது வலிக்குதுன்னு நீ சொல்ற வரைக்கும் பேசறேன்..."

வளையல் குலுங்கியது. அவள் அழுதுகொண்டே பாடினாள், ராகமும் சரியில்லை, வார்த்தையும் சரியில்லை, தெரு முழுக்கக் கேட்டது. குழந்தை தலையைத் தூக்க முயன்று முயன்று தூக்கியது.

சொடக்.

தெரு கொள்ளாமல் ஓடி வந்தார்கள். பாதிப் பேர் சத்தம் போடாதே என்று சொல்ல ஓடி வந்தவர்கள், பாதிப் பேர் சொடக்குக் கேட்டு ஓடி வந்தவர்கள், வாசலில் இரண்டு கூட்டமும் இடித்துக்கொண்டு நின்றன. முன்னால் சென்னியப்பன்.

"விழுந்துருச்சு! கேட்டுச்சு அம்மிணி!" என்று அவர் குசுகுசுவென்று சொன்னார். கண்ணில் தண்ணீர். "எல்லாரும் அசையாம இருங்க. இப்ப அடுத்தது விழும்."

"அசையாம இருந்தா விழாதுங்க," என்றாள் துளசிமணி. மூன்று மாதத்தில் அந்தத் தெருவில் யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. "நாம அசையாம இருந்துதானுங்க நின்னு போச்சு. சத்தம் வேணும் எம்பிள்ளைக்கு. தூக்கோணும், தேய்க்கோணும், கொஞ்சோணும், தப்பித்தவறிக் கீழ போட்டுத் திரும்பவும் தூக்கோணும். தறியை ஓட்டுங்க முதலாளி."

கூட்டத்தில் மதிவதனி டீச்சரும் இருந்தாள். "அன்னைக்கு நான் சொல்ல வந்தது அதுதாங்க," என்றாள். "மீதி ஓட்டையை நாமதான் போடறோம். பாக்கறது, கேக்கறது, தொடறது எல்லாம்தான் உள்ள போயி எந்த இழை தூக்கணும்னு சொல்லுது. சொல்லி முடிக்க விடல நீங்க. நானும் திரும்பி வந்து சொல்லியிருக்கணும். சொல்லல."

சென்னியப்பனுக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

"தறி ஓடுனா எங்களுக்குக் கேக்காதே அம்மிணி."

"கேக்காட்டிப் போகுதுங்க. அவளுக்கு விழுந்தாப் போதும்."

சுந்தராம்பாள் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள், இனி அந்தக் குரல் கேட்காதே என்று நினைத்தாளோ என்னவோ. சென்னியப்பன் தொண்டையைச் செருமினார்.

"சரி. ஒருக்கா, ஒரே ஒருக்கா, தலையில காதை வெச்சுக் கேட்டுக்கறேன். அப்பறம் ஓட்டிரலாம்."

துளசிமணி குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். அவர் உச்சந்தலையில் காதை வைத்தார். ஒன்றுமில்லை. எண்ணெய் வாசனை மட்டும் வந்தது. ஏழு மாதமாக ஊரே கேட்ட தலையை, பெற்றவர்களையும் நர்சையும் தவிர ஒருவரும் இப்படித் தொட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குழந்தை தன் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்த கறுப்புக் கற்றையைப் பார்த்தது. முதலில் அதற்குப் பயம் வந்து உதடு பிதுங்கியது. பிறகு ஒரு கை மெல்ல மேலே வந்தது. மீசையைப் பிடித்தது. இழுத்தது.

"ஐயோ!" என்று சென்னியப்பன் தெருவே அதிரக் கத்தினார்.

சொடக் சொடக் சொடக் என்று மூன்று விழுந்தன, குழந்தை கக்கக்கென்று சிரித்தது. மீசை விடுபட வெகுநேரமாயிற்று. விடுபட்டதும் அவர் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போய், குடோனின் மெயின் பலகையில் கைப்பிடியைத் தானே மேலே தள்ளினார். ஒரு தறி தடதடத்தது, அது பத்தாயிற்று, பக்கத்துக் குடோன் சேர்ந்துகொண்டது, அடுத்த தெரு சேர்ந்துகொண்டது, கால் மணி நேரத்தில் நாவல்பாளையம் மறுபடியும் இரைந்தது. காவிரியின் சத்தம் போய்விட்டது.

துளசிமணி மறுநாளே தறிக்குத் திரும்பினாள், தூரியும் அவளோடு திரும்பியது. மத்தியானம் ஒரு மணிக்கு யாரும் தறியை நிறுத்தவில்லை. சனம் வரத்தான் செய்தது, காதைத் தீட்டிக்கொண்டு வருவதற்குப் பதிலாகக் கையை நீட்டிக்கொண்டு வந்தது, சலூன்காரர் சோப்பு நுரையைக் காட்டினார், பள்ளிக்கூடப் பெண்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள், ஈஸ்வரமூர்த்தி அவள் முகத்துக்கு நேராகவே தும்மி, அதைப் பார்த்து அவள் சிரிக்கிறாள் என்று பொடி போட்டு இன்னும் தும்மினான். பெரியாஸ்பத்திரி டாக்டரும் பார்த்துவிட்டு, நல்ல வேளை, இதையே விடாமல் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

முதல் சில நாள் துளசிமணிக்கு மனசு கேட்கவில்லை. தறிகளுக்கு நடுவே தூரியில் தலையைவிட்டு, குழந்தையின் உச்சியில் காதை ஒட்டிப் பார்ப்பாள். இரும்பின் அதிர்வுதான் கேட்கும். உள்ளே விழுகிறதா இல்லையா என்று இனித் தனக்கும் தெரியப்போவதில்லை, எல்லா அம்மாக்களையும் போல என்று நினைத்துக்கொண்டு தறிக்குத் திரும்புவாள். பிறகு குழந்தை உட்கார்ந்தது. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவள் தறியில் நூல் தாரை மாட்டிவிட்டுத் திரும்பினாள், உட்கார்ந்திருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. தவழ்ந்ததும் அப்படித்தான், மூன்றாம் தறியடியில் பூனையின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது.

"எந்தத் தேதின்னு துளசி எழுதறது?" என்று ஜெபமணி கத்திக் கேட்டாள்.

"பாத்த தேதியை எழுதிக்குங்கக்கா!" என்று துளசிமணியும் கத்தினாள்.

ஒரு கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. பேச்சு. மற்ற பிள்ளைகள் மாமா, தாத்தா என்று சொல்கிற வயதில் வர்ஷிணி வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று மாதம் எதையாவது தின்றுவிட்டுப் போயிருக்குமோ என்று துளசிமணிக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள், பிள்ளைக்குப் பதினாலு மாதம், காலை நேரம். துளசிமணி முதல் தறியில் குனிந்து, குறுக்கிழையோடு ஓடும் நாடாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தறி ஓடும்போது குடோனுக்குள் வாயால் பேசுவது குறைவு, கத்தாமல் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது, ஆகவே தறிக்காரர்களுக்கென்று ஒரு கைப்பேச்சு உண்டு. டீக்குக் கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோவார்கள். இழை அறுந்துவிட்டது என்பதற்கு இரண்டு ஆட்காட்டி விரல்களையும் நுனியோடு நுனி ஒட்டி வைத்துப் பட்டென்று பிரிப்பார்கள். பார்த்துவிட்டேன் என்பதற்கு நெஞ்சில் இரண்டு தட்டு.

நிமிர்ந்தபோது எதிரே மாரப்பன் சிரித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் காட்டினார். திரும்பினாள். வர்ஷிணி மூன்றாம் தறியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மா பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கையை விட்டாள், தள்ளாடினாள், இரண்டு குண்டு விரல்களையும் கஷ்டப்பட்டு ஒட்டி வைத்தாள், ஒருமுறை தவறிப்போய், மறுபடி வைத்தாள். பட்டென்று பிரித்தாள்.

துளசிமணி ஓடினாள். மூன்றாம் தறியில் நிஜமாகவே பாவில் ஓர் இழை அறுந்து, துணியில் கோடு விழுந்துகொண்டிருந்தது. தறியை நிறுத்தி, இழையைப் பிணைத்து, மறுபடி ஓட விட்டாள். பிறகு குழந்தைக்கு நேரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெஞ்சில் இரண்டு முறை தட்டினாள். பாத்துட்டேன் கண்ணு. பாத்துட்டேன்.

குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஐந்தாம் தறியைக் காட்டி, விரல்களை ஒட்டிப் பட்டென்று பிரித்தது. துளசிமணி எழுந்து ஐந்தாம் தறிக்கு ஓடினாள், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை.

திரும்பினாள். நாலு பல்லும் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வர்ஷிணி சிரித்துக்கொண்டிருந்தாள்.